இடுக்கில் விழுந்த பெயர்கள்

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, ஓ.பி. கூட்டம் கலைந்த பிறகு, ஒரு மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு லேப்புக்குப் போவேன். லேப் டெக்னீஷியனின் நீள ரிஜிஸ்டரை மேஜையின் இடது பக்கம் விரிப்பேன். என்னுடைய டிபி ரிஜிஸ்டரை வலது பக்கம். சளியில் கிருமி தென்பட்டால் முடிவைச் சிவப்பு மையில் எழுத வேண்டும் என்பது விதி. இடது நோட்டில் வரிவரியாக நீல மை போய்க்கொண்டே இருக்கும். ஓர் இடத்தில் சிவப்பு பளிச்சென்று நிற்கும். ஸ்கேலை அந்த வரிக்கு அடியில் வைத்து, அதே பெயர் என் நோட்டில் இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் பென்சிலில் ஒரு டிக். காசநோய் சுகாதாரப் பார்வையாளராக நான் செய்த வேலைகளில் இதைவிட முக்கியமானது வேறு இல்லை என்று இன்றும் நினைக்கிறேன். அரை மணி நேரம்கூட ஆகாது.

2003-ல் ஒப்பந்தப் பணியில் சேர்ந்தேன். பாலாற்றங்கரையில் ஒரு நகராட்சி. தோல் தொழிற்சாலைகள், ஷூ கம்பெனிகள், தெருவுக்குத் தெரு பீடி சுற்றும் பெண்கள். ஆண்களில் பாதிப்பேர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள். திருத்தியமைக்கப்பட்ட தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் அப்போதுதான் எங்கள் பக்கம் வேர்பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நீளப் பெயர் ஜனங்கள் வாயில் 'டாட்ஸ்' ஆகிவிட்டது. என்னை 'மாத்திரைக்கார அக்கா' என்றார்கள்.

சேர்ந்த மூன்றாவது மாதம், முதன்முதலாக இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிவப்பு வரிகள் 11. என் டிக்குகள் 9. தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் மேலிருந்து ஸ்கேலை நகர்த்திக்கொண்டு வந்தேன். 11தான். 9தான். கிருமி இருப்பதாகக் கண்ணாடியில் பார்த்து எழுதப்பட்ட இரண்டு பேர், சிகிச்சைக்கு வந்தவர்கள் பட்டியலில் இல்லை.

ஒருவர் பீடி சுற்றும் பெண். முப்பது வயது இருக்கும். மசூதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. நான் போனபோது வாசற்படியில் மடிமேல் முறத்தை வைத்து உட்கார்ந்திருந்தார். முறத்தில் வெட்டிய இலை, ஓரத்தில் புகையிலைத் தூள், நூல்கண்டு. நான் யார் என்று சொன்னதும் கையை நிறுத்தாமலே சொன்னார்:

"மூணு நாள் வந்தேன்க்கா. மொத நாள் அங்கயே துப்பச் சொன்னாங்க, வீட்டுக்கும் ஒரு டப்பா குடுத்தாங்க. மறுநாள் காலைல எழுந்ததும் துப்பிக் கொண்டாந்து குடுத்தேன், அங்கயே இன்னொரு வாட்டியும் துப்பச் சொன்னாங்க. மூணாம் நாள் முடிவுக்கு வந்தேன். டாக்டர் கேம்ப் போயிருக்கார், திங்கக்கிழமை வாங்கன்னாங்க. ஆயிரம் பீடி போச்சுன்னா அன்னிக்கு அடுப்பு எரியாதுக்கா. நீங்களும் யாரும் வந்து ஒண்ணும் சொல்லல. சரி, ஒண்ணுமில்ல போலன்னு விட்டுட்டேன்."

ஒண்ணுமில்ல போல. இதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் இந்த வார்த்தையைக் கேட்டேன். நம்மிடமிருந்து சேதி வராததை அவர்கள் நல்ல சேதியாக எடுத்துக்கொள்கிறார்கள். கெட்டதாக இருந்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் சும்மா இருப்பார்களா என்று அவர்களுக்கு நம்மேல் நம்பிக்கை.

யோசித்துப் பாருங்கள், யார் மேல் தப்பு? லேப் டெக்னீஷியன் மூன்று சளியையும் ஒழுங்காகப் பார்த்தார், சிவப்பு மையில் எழுதினார். அவர் வேலை அங்கே முடிந்தது. டாக்டரின் வேலை நோயாளி முடிவுச் சீட்டோடு எதிரே வந்து உட்காரும்போது தொடங்குகிறது. அன்று அவர் சொந்த வேலையாகப் போகவில்லை, முகாமுக்குத்தான் போனார். என் வேலை டாக்டர் சிகிச்சை அட்டை எழுதிக் கொடுத்த பிறகுதான். இந்த மூன்று வேலைக்கும் நடுவே சீட்டைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டியவர் ஒரே ஒருவர்: காய்ச்சலும் இருமலுமாக, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரும் அந்த நோயாளி.

அடுத்த வருடம் சென்னையில் ஒரு பயிற்சி. அங்கே வகுப்பெடுத்தவர் ஆங்கிலத்தில் ஒரு சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: 'ஃபாலிங் த்ரூ த கிராக்ஸ்'. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கேட்டேன். "விரிசல் வழியா விழறதாம்க்கா" என்றாள். எனக்குப் பிடிபடவில்லை. நமக்குத் தெரிந்த விரிசல் சுவரில் இருக்கும், கோடையில் ஏரியில் இருக்கும். அதில் ஆள் எப்படி விழுவான்? அன்று இரவு விடுதியில் படுத்திருந்தபோது எங்கள் பாட்டி வீட்டுப் பரண் ஞாபகம் வந்தது. பனஞ்சட்டம் அடுக்கிய பரண். மேலே வேர்க்கடலை மூட்டை இருக்கும். அவிழ்க்கும்போதெல்லாம் நாலு கடலை சட்டங்களின் நடுவே விழுந்து கீழே உருளும். பொறுக்குவதற்கு நாங்கள் காத்திருப்போம். அந்தச் சட்டம் எதுவும் உடைந்ததில்லை. தாத்தா அதன் மேல் ஏறி நின்று நெல் மூட்டையைத் தூக்கி வைப்பார், அசையாது. ஒரு சட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான் கடலை விழும். அதை யாரும் விரிசல் என்று சொல்ல மாட்டோம். இடுக்கு என்போம்.

எனக்கு அந்தச் சொல் உதவியாக இருந்தது. விரிசல் என்றால் ஏதோ உடைந்திருக்கிறது, உடைத்தவனைத் தேட வேண்டும், மெமோ கொடுக்க வேண்டும். இடுக்கு என்றால் எல்லாச் சட்டமும் நன்றாகத்தான் இருக்கிறது. அப்போது கேட்க வேண்டிய கேள்வியே வேறு.

இந்தத் திட்டத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அதை வடிவமைத்தவர்கள் இந்த இடுக்குகளைப் பற்றி நன்றாக யோசித்திருந்தார்கள். அந்த நாளில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பெட்டி. புதிய நோயாளிக்குச் சிவப்பு, மறுபடி வந்தவருக்கு நீலம். முழுச் சிகிச்சைக்கான மாத்திரையும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். சிகிச்சை தொடங்கும் நாளிலேயே பெட்டியின் மேல் அவர் பெயரை எழுதிவிடுவோம். அதற்குப் பிறகு மருந்துக் கிடங்கு காலியானாலும் அவருக்கு மாத்திரை உண்டு, ஏனென்றால் அது ஏற்கெனவே அவருடையது. தன் பெயர் எழுதிய பெட்டியைப் பார்த்ததும் அந்தப் பீடிக்காரப் பெண் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரசாங்கப் பொருள் ஒன்றில் தன் பெயரைப் பார்த்தது அவருக்கு ரேஷன் கார்டுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள், யாராவது ஒருவர் கண்முன்னே மாத்திரை விழுங்க வேண்டும். முதல் இரண்டு மாதத்துக்கு 24 வேளை. அதன் பிறகு வாரத்துக்கு ஓர் அட்டை; முதல் வேளையை எதிரில் போட்டுக்கொண்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுபோய், அடுத்த வாரம் காலி அட்டையைத் திருப்பித் தர வேண்டும். அவருக்கு மாத்திரை கொடுக்க அந்தச் சந்தின் அங்கன்வாடி ஆயாவை ஏற்பாடு செய்தோம். ஆறரை மாதத்தில் முடித்தார்.

என் தொழில் எப்படி உண்டானது என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு காலத்தில் இந்த நோய்க்குச் சானடோரியம்தான் வழி. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு, மாதக்கணக்கில் படுக்கை. நோயாளிகளின் எண்ணிக்கைக்கு நம் நாட்டில் படுக்கைகள் எந்த நாளும் போதாது. 1956-ல் மெட்ராஸில் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் தலைமையில் ஒரு சோதனை தொடங்கியது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில், இன்னொரு பகுதியினர் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே, ஒரே மருந்து, ஒரு வருடம். 1959-ல் முடிவு வெளிவந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தார்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அதனால் நோய் அதிகமாகப் பரவிவிடவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்களின் காலம் முடிவதற்கு அந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம்.

அதில் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம் வேறொன்று. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களிடம், சொல்லாமல் கொள்ளாமல் போய் மீதமிருக்கும் மாத்திரைகளை எண்ணியிருக்கிறார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். அந்தச் சந்துகளில் நடந்தவர்கள் என் முன்னோர். சானடோரியத்துக்கு ஒரு கேட் இருந்தது. உள்ளே வந்தவர் காணாமற்போக முடியாது. வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று ஆன நாளில் அந்தக் கேட் போய்விட்டது. அந்தக் கேட் இருந்த இடத்தில் நடந்துபோகிற ஓர் ஆள் தேவைப்பட்டார்.

அந்த நடையை நான் ஒருமுறை பாதியில் நிறுத்தினேன்.

11-ல் விடுபட்ட இரண்டாவது பெயர் ஓர் இளைஞன். 26 வயது. லேப் நோட்டில் முகவரி: 'மாரியம்மன் கோவில் தெரு'. எங்கள் ஊரில் மாரியம்மன் கோவில் தெரு இரண்டு. பழைய பேட்டையில் ஒன்று, தோல் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒன்று. இரண்டிலும் வீடு வீடாகக் கேட்டேன். அந்தப் பெயரில் யாருமில்லை. வயதைச் சொல்லிக் கேட்டேன், இருமலைச் சொல்லிக் கேட்க முடியவில்லை. நோயின் பெயர் தெருவில் பரவினால் அந்தக் குடும்பத்துக்குத் தண்ணீர் பிடிக்கிற இடத்தில்கூடச் சங்கடம். மழை வேறு பிடித்துக்கொண்டது. நோயை மறைக்கப் பொய் முகவரி கொடுப்பது எங்களுக்குப் பழகிய விஷயம். திரும்பி வந்து நோட்டில் 'முகவரி தவறு' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அப்படி எழுதிவிட்டால் அந்த வரிக்கு விடை வந்துவிட்டது என்று அர்த்தம். மாத அறிக்கையில் அது ஒரு கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். நானே கேட்டுக்கொள்ளவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு பெண் சளிப் பரிசோதனைக்கு வந்தாள். கையில் நாலு வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. கணவர் பெயரைக் கேட்டு எழுதும்போது என் கை நின்றது.

"இருக்காராம்மா?"

"இல்லக்கா. பெங்களூர்ல போயிட்டாரு. ரத்தமா வாந்தி எடுத்தாராம். அங்க ஆஸ்பத்திரில ரெண்டு நாள் வெச்சிருந்தாங்க."

"இங்க முன்னாடி காட்டினீங்களா?"

"காட்டினாரே. எச்சில் எடுத்துக் குடுத்தாரு. ஏதாவது இருந்தா வீட்டுக்கு ஆள் வருவாங்கன்னு சொன்னாங்களாம். ஒரு வாரம் வேலைக்குப் போகாம இருந்து பாத்தாரு. யாரும் வரல. ஒண்ணுமில்லன்னு கெளம்பிட்டாரு."

வீடு ஆற்றுக்கு அந்தக் கரையில். பாலத்தைத் தாண்டினால் வேறு பஞ்சாயத்து, வேறு யூனிட், வேறொரு மேற்பார்வையாளரின் எல்லை. அங்கேயும் ஒரு மாரியம்மன் கோவில், அதற்கும் ஒரு தெரு. ஊரிலிருந்து நடந்தால் இருபது நிமிடம். எங்கள் லேப்பில் சளி கொடுத்தவர் எங்கள் எல்லைக்குள்தான் இருப்பார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்து மேற்பார்வையாளருக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது, அவருடைய லேப் நோட்டில் அந்தப் பெயர் இல்லை. அந்தப் பெண்ணின் கணவர் பொய் முகவரி கொடுக்கவில்லை. 'ஆற்றுக்கு அந்தப் பக்கம்' என்ற வார்த்தையை யாரும் அவரிடம் கேட்டு எழுதவில்லை, அவ்வளவுதான்.

சளியில் கிருமி உள்ள ஒருவர் சிகிச்சை இல்லாமல் இருந்தால் வருடத்துக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத் தொற்றைக் கொடுக்கலாம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படிப்பட்டவரின் வீட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால், நோய் வருமுன்பே ஆறு மாதம் தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டும் என்பதும் எங்கள் வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்தது. அவரைக் கண்டுபிடித்திருந்தால் அந்தக் குழந்தையைக் கண்டுபிடித்திருப்பேன். அம்மாவும் மகளும் மருந்தை முழுசாக முடித்துக் குணமானார்கள். ஆறு மாதமும் அந்தப் பாலத்தைத் தாண்டி நானே போய் மாத்திரை கொடுத்தேன். அது என் எல்லை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நாலு மாதம் ஆயிற்று. சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க ரெண்டு தெரு தேடினீங்களா?" என்று மட்டும் கேட்டாள். "தேடினேன்" என்றேன். குழந்தைக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டாள்.

அந்த ரிஜிஸ்டர் பக்கத்தில் 'முகவரி தவறு' என்ற என் கையெழுத்து அப்படியே இருக்கிறது. அடிக்கவில்லை. பக்கத்திலேயே புதிய தேதி போட்டு, சரியான முகவரியை எழுதி வைத்தேன்.

அதிலிருந்து முகவரி கேட்கும் முறையை மாற்றிக்கொண்டேன். கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் ஃபாரத்துக்கு. எனக்கென்று ஒரு சின்ன நோட்டில் வேறு மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுவேன். எந்த மளிகைக் கடையில் கணக்கு வைத்திருக்கிறீர்கள்? பண்டிகைக்கு எந்த ஊருக்குப் போவீர்கள்? அவசரத்துக்கு யார் வீட்டுப் போனில் கூப்பிட்டால் உங்களிடம் ஓடிவந்து சொல்வார்கள்? இந்தக் கேள்விகளுக்கு யாரும் பொய் சொல்வதில்லை. இவற்றில் கடைக்காரர்தான் கெட்டிக்காரர். வாடகை பாக்கி வைத்து ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்தவர்கூட எங்கே போனார் என்பது, கணக்கு வைத்திருந்த கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். நான் என்ன வேலையில் இருக்கிறேன் என்பதைக் கடைக்காரர்களிடம் சொல்வதில்லை. "தங்கச்சிக்கு ஒரு சேதி சொல்லணும்ணா" என்பேன். அவர்களும் புரிந்துகொண்டு, புரியாததுபோல் இருப்பார்கள்.

நாங்கள் பயன்படுத்திய ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் மருந்தை விட்டவரை 'டிஃபால்டர்' என்று பதிவோம். கொஞ்சம் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவர், ஷூ கம்பெனியில் காவல்காரராக இருந்தவர், தன் அட்டையில் அந்த வார்த்தையைப் படித்துவிட்டார். மகள் திருமணத்துக்கு வைத்த நகைக்கடனுக்கு வங்கி அனுப்பிய நோட்டீஸில் அதே வார்த்தையைப் பார்த்திருக்கிறார். "நான் உங்ககிட்ட என்னம்மா கடன் பட்டேன்?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். அவர் மருந்தை விட்டதற்குக் காரணம் ஷிப்ட் மாறியது; மாத்திரை கொடுக்கும் மையம் திறந்திருக்கும் நேரத்தில் அவர் தூங்க வேண்டும். 2013-ல் உலக சுகாதார நிறுவனம் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு, தொடர்பு விட்டுப்போனவர் என்ற பொருளில் வேறொன்றைக் கொண்டுவந்தது. வார்த்தை மாறியதற்கு நான் உள்ளபடியே சந்தோஷப்பட்டேன். தொடர்பு என்றால் இரண்டு முனை உண்டு. விட்டுப்போனது என்றால் எந்த முனையில் என்று கேட்கலாம்.

கம்ப்யூட்டர் வந்தது. 2012-ல் 'நிக்ஷய்' என்ற இணையப் பதிவேடு. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண். நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் அந்த எண்ணைத் தட்டினால் விவரம் வரும். அதே வருடம் தனியார் டாக்டர்களும் காசநோயாளிகளைப் பற்றித் தகவல் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெங்களூருக்குப் போகிறவர்கள் உள்ள ஊரில் வேலை செய்தவளுக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்லித் தீராது. முன்பெல்லாம் ஒருவர் வேறு ஊருக்குப் போனால் மாற்றல் ஃபாரம் எழுதிக் கொடுப்போம். அதன் அடிப்பகுதியைக் கிழித்து, 'இவர் இங்கே வந்து சேர்ந்தார்' என்று அந்த ஊரார் திருப்பி அனுப்ப வேண்டும். ஃபாரம் நோயாளியின் சட்டைப் பையில் போகும். சட்டை வெளுப்புக்குப் போகும். அடித்துண்டு வந்து சேர்ந்தது எனக்கு ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அபூர்வம்.

ஆனால் கம்ப்யூட்டரும் ஒரு சட்டம்தான், நல்ல உறுதியான சட்டம். அதன் ஓரத்திலும் இடுக்கு வந்தது. 2017-ல் வாரம் மூன்று நாள் என்பது தினசரி மருந்தாக மாறியபோது, மாத்திரை அட்டையை ஓர் உறையில் பொதிந்து கொடுத்தார்கள். மாத்திரையை அமுக்கி எடுத்தால் பின்னால் மறைந்திருக்கும் போன் நம்பர் தெரியும். அந்த நம்பருக்குக் காசில்லாமல் ஒரு கால் கொடுத்தால் போதும். அன்றைய கட்டம் திரையில் பச்சையாகிவிடும். ஒரு தாத்தாவுக்கு ஒரு மாதம் முழுக்கப் பச்சை. எனக்கு அவர் வீட்டுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. வேறு வீட்டுக்குப் போனவள், எடை மெஷின் கையில் இருந்ததால், அவரையும் ஏற்றிப் பார்த்தேன். தொடங்கும்போது 41 கிலோ. இப்போது 39. மருந்து சாப்பிடுகிறவருக்கு எடை ஏற வேண்டும். அவர் மகள் வயதுதான் எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்து, "என்னப்பா செய்யுது?" என்று கேட்டேன். தினமும் மாத்திரையைப் பிரித்திருக்கிறார், பேரனின் போனிலிருந்து ஒழுங்காகக் கூப்பிட்டிருக்கிறார். விழுங்கினால் குமட்டி வாந்தி வருகிறது, சொன்னால் திட்டுவோம் என்று பயம். மாத்திரைகளை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். அரசாங்க மாத்திரையாயிற்றே, குப்பையில் போட மனசு வரவில்லையாம். டாக்டரிடம் கூட்டிப்போய், சாப்பாட்டுக்குப் பிறகு போடும்படி நேரம் மாற்றி, வாந்திக்கும் மாத்திரை வாங்கிக் கொடுத்த பிறகு சரியாயிற்று.

2018 ஏப்ரலிலிருந்து சத்துணவுக்கென்று மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ஆகியிருக்கிறது. நல்ல ஏற்பாடு. கணக்கு இல்லாதவர், இருந்தும் பல வருடம் தொடாமல் முடங்கிப்போனவர், கணவர் பெயரில் மட்டும் கணக்கு உள்ளவர், இவர்களுக்காக நான் வங்கி வாசலில் நின்ற நேரம் லேப் வாசலில் நின்ற நேரத்துக்குக் குறையாது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம், தாய்வீட்டுக்கு அனுப்பப்படும் பெண்கள். கல்யாணமாகி ஐந்தே மாதம் ஆன ஒரு பெண். பத்தொன்பது வயது. நோய் உறுதியான மறுநாளே மாமியார் வீட்டில் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். நான் போனபோது மாமியார் வாசலிலேயே, "அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா" என்றார். அம்மா வீடு ஆந்திரா எல்லைக்கு அப்பால், குப்பம் பக்கம். மாற்றல் பதிவு செய்து நான் கையைக் கழுவியிருக்கலாம். விதிப்படி அது சரி. அங்கே பேசினேன், வந்து சேரவில்லை என்றார்கள். இந்தப் பெண்ணின் மளிகைக் கடை மாமியாருடைய கடை. அங்கே கேட்க முடியாது. எதிர் வீட்டில் பூக்கட்டும் அம்மாவிடம் தினமும் ஒரு முழம் வாங்குவாள் என்று என் சின்ன நோட்டில் இருந்தது. பூக்கார அம்மா சொன்னார்: "தாய் வூட்லயும் சேக்கலம்மா. தம்பிக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்காங்களாம். கோலாருல அக்கா வூட்டுக்கு அனுப்பிச்சிட்டாங்க."

தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா. மூன்று மாநிலத்துக் கணக்கிலும் அந்தப் பெண் இருக்கிறாள், மூன்றிலும் இல்லை. அக்கா வீட்டுப் போன் நம்பரைப் பூக்கார அம்மா வாங்கிக் கொடுக்க நாலு நாள் ஆயிற்று. போனில் அந்தக் குரல், "அக்கா, நீங்க எப்படி..." என்று ஆரம்பித்து அழுதது. கோலாரில் அன்றைக்கே அவள் எண்ணைத் தட்டிப் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த எண் இல்லாவிட்டால் அது அவ்வளவு சுலபத்தில் நடந்திருக்காது. பூக்கார அம்மா இல்லாவிட்டால் அந்த எண்ணைத் தட்டச் சொல்ல ஆளே இருந்திருக்காது.

கொரோனா வருடத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. ஓர் எண்ணை மட்டும் சொல்கிறேன். 2019-ல் இந்தியாவில் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020-ல் சுமார் 18 லட்சம். அந்த ஆறு லட்சம் குறைந்ததற்கு நோய் குறைந்தது காரணம் இல்லை. ஊரடங்கில் லேப்புக்கு வர பஸ் இல்லை. இருமினால் எந்த வார்டுக்குத் தள்ளுவார்களோ என்று பயம். எங்களில் பலரை வேறு வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த எண்ணைப் படிக்கும்போது எனக்கு நோட்டில் சிவப்பு மையில்கூட எழுதப்படாத வரிகள் என்றுதான் தோன்றுகிறது.

வேலையை விட்டு ஓய்வில் இருக்கிறேன் இப்போது. முட்டி வலி. சின்ன நோட்டு மட்டும் பீரோவில் இருக்கிறது.

போன மாதம் ஒருநாள் காலை, பழைய பேட்டை மளிகைக்கடைக்காரரிடமிருந்து போன். "அம்மா, உங்க தங்கச்சி வீட்டு ஆளு ஒருத்தர் வந்திருக்காரு" என்றார். இத்தனை வருடம் கழித்தும் எங்களுக்குள் அதே பேச்சுதான். போனேன். ஒடிசாக்காரப் பையன், தோல் தொழிற்சாலையில் வேலை, இருபத்திரண்டு வயது இருக்கலாம். ஒரு மாதமாக இருமலாம். கடைக்காரர் இருமல் மருந்து கேட்டு வந்தவனைக் கடைக்குள் உட்கார வைத்திருந்தார். ஆட்டோவில் கூட்டிப்போனேன். லேப்பில் இப்போது கண்ணாடி ஸ்லைடுக்குப் பதில் சின்ன மெஷின் இருக்கிறது. கோவாவில் செய்தது. புதிதாக வந்திருக்கும் பெண் சளி டப்பாவை வாங்கி எண் ஒட்டிவிட்டு, "ரெண்டு மணி நேரம் ஆகும்மா. இவரை நாளைக்கு வரச் சொல்லுங்க, சொல்லிடறேன்" என்றாள்.

"இன்னிக்கே இருக்கோம்மா" என்றேன்.

பையன் வெளியே கையைக் காட்டி, அரைகுறைத் தமிழில், "அம்மா, டீ... அஞ்சு நிமிஷம்" என்றான்.

"இருப்பா, நானும் வரேன்" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.